மரத்தின் கறுப்புப் பங்கு: லிக்னினைச் சூடாக்கி என்ன எடுக்க முடியும்?

ஒரு டன் காய்ந்த மரம் காகிதக்கூழ் ஆலைக்குள் போனால், வெளுத்த கூழாக வெளியே வருவது அரை டன்னுக்கும் குறைவு. மீதி எங்கே என்று கேட்டால் ஆலைக்காரர்கள் கொதிகலனைக் காட்டுவார்கள். மரச்சில்லுகளைக் காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில் அழுத்தத்தில் வேகவைக்கும்போது நார் தனியாக வந்துவிடுகிறது. நாரோடு நாரைப் பிணைத்து மரத்துக்கு விறைப்பைக் கொடுத்துக்கொண்டிருந்த பொருள் கரைசலோடு இறங்கிவிடுகிறது. தார் நிறத்தில் இருக்கும் அந்தக் கரைசலை ஆலைகளில் பிளாக் லிக்கர் என்கிறார்கள். அதைச் சுண்டக் காய்ச்சி, கொதிகலனுக்குள் பீய்ச்சி எரிக்கிறார்கள். அங்கே எரிவதில் பெரும்பங்கு லிக்னின்.

உலகக் கூழ் ஆலைகளில் இப்படிப் பிரிந்துவரும் லிக்னின் ஆண்டுக்கு 5 கோடி டன்னைத் தாண்டும் என்பது பொதுவான மதிப்பீடு. அதில் ஏறத்தாழ 2 சதவீதம் மட்டுமே எரியாமல் தப்பி ஒரு பொருளாக விற்கப்படுகிறது. செல்லுலோசுக்கு அடுத்தபடியாகப் பூமியில் அதிகம் கிடைக்கும் இயற்கைப் பாலிமர் இதுதான். அதைவிட முக்கியம், பென்சீன் வளையங்களை, அதாவது ஆறு கார்பன்கள் வட்டமாகப் பிணைந்த அமைப்புகளை, இவ்வளவு பெரிய அளவில் சேர்த்துவைத்திருக்கும் வேறொரு இயற்கைப் பொருள் கிடையாது. பிளைவுட்டை ஒட்டும் பசை, பாலியெஸ்டர் துணி, தெர்மாகோல், பாராசிட்டமால் மாத்திரை என்று நாம் தினமும் தொடும் எத்தனையோ பொருள்களின் மூலக்கூறில் அந்த வளையம் இருக்கிறது. அவற்றுக்கான வளையங்களை இன்று பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிறோம்.

அப்படியென்றால் லிக்னினை உடைத்து அந்த வளையங்களை எடுத்துக்கொள்ளலாமே? உடைப்பதற்கு மிக எளிதாகத் தோன்றும் வழி பைரோலிசிஸ், அதாவது காற்று படாமல் சூடாக்கிச் சிதைப்பது. அமிலம் வேண்டாம், கரைப்பான் வேண்டாம், விலை உயர்ந்த நொதிகளும் வேண்டாம். ஆவியாகக் கிளம்புவதைக் குளிரவைத்தால் எண்ணெய், அடியில் தங்குவது கரி, குளிராமல் போவது எரிவாயு. இந்த எளிமைதான் பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்களை இதன் பக்கம் இழுத்துவருகிறது. ஆனால் இன்றுவரை நடந்ததைப் பார்த்தால் ஒன்று துலக்கமாகத் தெரிகிறது. வெப்பத்தைக் காட்டி லிக்னினிடம் ஒரே ஒரு சுத்தமான வேதிப்பொருளைக் கேட்டவர்களுக்கு அது பெரும்பாலும் கிடைக்கவில்லை. கலவையைக் கலவையாகவே ஏற்றுக்கொண்டவர்களுக்கும், கரியைக் கரியாகவே விரும்பியவர்களுக்கும்தான் ஏதாவது கிடைத்திருக்கிறது. இதற்கான காரணம் லிக்னின் உருவாகும் விதத்திலேயே இருக்கிறது.

ஒழுங்கில்லாமல் கட்டப்பட்ட மூலக்கூறு

1838இல் பிரெஞ்சு வேதியியலாளர் அன்செல்ம் பாயென் மரத்தை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவியபோது வெண்மையான நார்ப்பொருள் ஒன்று எஞ்சியது. அதற்குத்தான் பின்னர் செல்லுலோஸ் என்ற பெயர் வந்தது. அதன் மேல் படிந்திருந்த பொருள் வேறானது, அதில் கார்பன் அதிகம் என்பதும் அவருக்குத் தெரிந்தது. அந்தப் படிவின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேதியியலுக்கு இன்னொரு நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டது.

செல்லுலோஸ் ஒரே சர்க்கரையை ஒரே விதமாகக் கோத்த நீண்ட சங்கிலி. எங்கே வெட்டினாலும் அதே குளுக்கோஸ்தான் வரும். லிக்னின் அப்படி இல்லை. தாவர செல் மூன்று வகை ஆல்கஹால்களை, அதாவது கூமரில், கோனிஃபெரில், சினாபில் ஆல்கஹால்களை, செல்சுவருக்குள் அனுப்புகிறது. அங்கே நொதிகள் அவற்றிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கின்றன. பறிகொடுத்த மூலக்கூறு எந்த இடத்தில் கைநீட்ட முடிகிறதோ அந்த இடத்தில் பக்கத்தில் இருப்பதோடு பிணைந்துகொள்கிறது. ஆகவே ஒரே மரத்தில்கூட ஒன்றுபோல் இன்னொரு லிக்னின் மூலக்கூறு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இருந்தாலும் ஒரு பொதுப்போக்கு உண்டு. பீட்டா-ஓ-4 என்று குறிக்கப்படும் ஈதர் பிணைப்புதான் மிகுதி. பைன் போன்ற ஊசியிலை மரங்களில் பிணைப்புகளில் பாதிக்கு அருகே அதுதான். அகன்ற இலை மரங்களில் இன்னும் கூடுதல். ஆக்சிஜன் வழியாகப் போகும் பிணைப்பு என்பதால் உடைப்பது ஒப்பீட்டளவில் எளிது. மீதியில் கணிசமானவை கார்பனுக்கும் கார்பனுக்கும் நேரடியாக விழுந்த முடிச்சுகள். அவை எளிதில் அவிழாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஊசியிலை மர லிக்னினில் வளையத்துக்கு ஒரு மீத்தாக்சி தொகுதி, அதாவது ஆக்சிஜன் வழியாக ஒட்டிய ஒற்றைக் கார்பன் தொகுதி, இருக்கும். அகன்ற இலை மரங்களில் வளையத்துக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும். புல் வகைகளில், அதாவது வைக்கோல், கரும்புச்சக்கை, மூங்கில் போன்றவற்றில், மூன்று வகை வளையங்களும் கலந்து வரும். எதைச் சூடாக்குகிறோம் என்பதைப் பொறுத்து எண்ணெயின் கலவையே மாறிவிடும் என்பதால் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சூடு ஏறும்போது நடப்பது

மரத்தைக் காற்றில்லாமல் சூடாக்கினால் முதலில் ஹெமிசெல்லுலோஸ் என்னும் கிளைவிட்ட சர்க்கரைச் சங்கிலி 220 முதல் 315 டிகிரி செல்சியசுக்குள் சிதைந்துவிடும். செல்லுலோஸ் 315 தொடங்கி 400 டிகிரிக்குள் முடிந்துவிடும். லிக்னின் மட்டும் 160 டிகிரியில் இளகத் தொடங்கி 900 டிகிரி வரை இழுத்துக்கொண்டே போகும். இந்த நீட்சியே அதன் சிக்கலைச் சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு வகைப் பிணைப்பும் வெவ்வேறு வெப்பநிலையில் விடுபடுகிறது.

தொடக்கத்தில் பக்கத் தொகுதிகளிலிருந்து நீர் வெளியேறும். 250 டிகிரிக்கு மேல் ஈதர் பிணைப்புகள் வரிசையாக அறுபடும். அப்போது பீனால்கள், அதாவது ஓஎச் தொகுதி ஒட்டிய வளையங்கள், வெளிவரும்: குவையகால், அதன் மெத்தில், வினைல் வடிவங்கள், அகன்ற இலை மரமாக இருந்தால் சிரிங்கால், கொஞ்சம் வெனிலின் எல்லாம் ஆவியாகக் கிளம்பும். 400 டிகிரியைத் தாண்டினால் மீத்தாக்சி தொகுதிகளே பிய்யத் தொடங்கும். அதிலிருந்து மீத்தேனும் மெத்தனாலும் வரும், வளையம் கேட்டகாலாகவோ கிரெசாலாகவோ மாறும். இன்னும் மேலே போனால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும்தான்.

இதையெல்லாம் கேட்டால் 400 டிகிரிக்குள் நிறுத்திவிட்டால் போதுமே என்று தோன்றும். இங்கேதான் லிக்னின் தன் குணத்தைக் காட்டுகிறது. வெப்பத்தால் பிணைப்பு அறுபடும்போது இரண்டு துண்டுகளும் ஆளுக்கொரு ஒற்றை எலக்ட்ரானோடு பிரிகின்றன. வேதியியலில் இவற்றைத் தனி உறுப்புகள் என்போம். அந்த நொடியில் ஒரு துண்டுக்கு ஒரு ஹைட்ரஜன் அணு கிடைத்தால் அமைதியான சிறு மூலக்கூறாக மாறி ஆவியாகப் பறந்துவிடும். கிடைக்கவில்லையென்றால் பக்கத்துத் துண்டோடு மறுபடி சேர்ந்துகொள்ளும். இந்தமுறை சேர்வது கார்பன்–கார்பன் பிணைப்பாக. முதலில் இருந்த ஈதரைவிட இது வலுவானது. லிக்னினில் ஹைட்ரஜன் குறைவு, வளையம் அதிகம். ஆகவே உடைத்ததில் பெரும்பகுதி முன்பைவிட இறுக்கமாக மறுபடி கட்டிக்கொள்கிறது. அதுதான் கரி.

எண்ணிக்கையில் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். காய்ந்த மரத்தூளை 500 டிகிரியில் போட்டு, ஆவியை 2 நொடிக்குள் வெளியே இழுத்துக் குளிரவைத்தால் எடையில் 60 முதல் 75 சதவீதம் எண்ணெயாகக் கிடைக்கும். பிரித்தெடுத்த லிக்னினில் அதே வேலையைச் செய்தால் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கரியாகவே நின்றுவிடும். எண்ணெய் குறைவு, அந்த எண்ணெயிலும் நீர் உண்டு. ஒற்றை வளைய பீனால்கள் என்று எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் லிக்னின் எடையில் பத்து முதல் இருபது சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அதுவும் ஒரே பொருள் இல்லை, டஜன் கணக்கில் கலந்துகிடக்கும் நெருங்கிய உறவினர்கள்.

உலைக்குள் வந்த சிக்கல்

வேதியியல் ஒருபுறம் இருக்க, பொறியாளர்களுக்கு வந்த தொல்லை வேறு. 2010இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில் 14 ஆய்வகங்கள் ஒரே மாதிரிகளை வாங்கித் தங்கள் தங்கள் உலைகளில் சோதித்தன. ஒரு மாதிரியில் பாதி லிக்னின், பாதி செல்லுலோஸ். அது ஏறக்குறைய மரத்தைப் போலவே நடந்துகொண்டது. இன்னொன்று சுத்தப்படுத்திய லிக்னின். அதை வைத்துக்கொண்டு பல ஆய்வகங்கள் திண்டாடின. வெல்லப்பாகு போல இளகி, நுரைத்து, உலைக்குள் தூளைத் தள்ளும் குழாயிலேயே ஒட்டிக்கொண்டது.

வேகப் பைரோலிசிசுக்கு வழக்கமாகப் பயன்படும் உலையில் சூடான மணலுக்கு அடியிலிருந்து வாயுவை ஊதி மணல் முழுவதையும் குமுறவைப்பார்கள். தூள் உள்ளே விழுந்ததும் மணல் சூட்டைக் கொடுத்துவிடும். லிக்னின் விழுந்தால் மணலே கட்டிகட்டியாகச் சேர்ந்து குமுறல் நின்றுபோகிறது. லிக்னின் செறிவாக உள்ள மூலப்பொருளுக்கு இந்த உலை ஒத்துவராது, புது வடிவமைப்பு வேண்டும் என்பதே அந்தக் கூட்டு ஆய்வின் முடிவு. தோல்வியை ஒளிக்காமல் இவ்வளவு ஆய்வகங்கள் சேர்ந்து எழுதியதை நான் மிகவும் மதிக்கிறேன். அதற்குப் பிறகு இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பல முயற்சிகள் நடந்தன.

நெதர்லாந்தின் ஆற்றல் ஆய்வு மையம் லிக்னினோடு களிமண் கனிமத்தைக் கலந்து ஒட்டாமல் பார்த்துக்கொண்டது. அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் நீற்றிய சுண்ணாம்பை, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடை, முன்கூட்டியே கலந்தார்கள். லிக்னினின் பீனால், அமிலத் தொகுதிகளோடு கால்சியம் சேர்ந்துகொண்டால் அது இளகும் தன்மை வெகுவாகக் குறைகிறது. 2015இல் வெளியான இந்த வழி எளிமையானது, மலிவானது. ஆனால் கரியோடு சுண்ணாம்பும் தங்கிவிடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கிராஃப்ட் முறையில், அதாவது தொடக்கத்தில் சொன்ன காஸ்டிக் சோடா, சோடியம் சல்பைடு முறையில், வந்த லிக்னின் என்றால் கந்தகமும் உண்டு, எடையில் ஒன்றரை முதல் மூன்று சதவீதம் வரை. சூடாக்கினால் அது மெர்காப்டனாகவும் டைமெத்தில் சல்பைடாகவும் வெளியேறும். காகித ஆலை இருக்கும் ஊர்களில் காற்றில் வரும் வாடையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இதையே லாபமாக்கிய ஓர் ஊரும் உண்டு. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் போகலூசாவில், பிளாக் லிக்கரில் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி, லிக்னினின் மீத்தாக்சி தொகுதிகளிலிருந்து டைமெத்தில் சல்பைடு எடுத்தார்கள். அதை ஆக்சிஜனேற்றம் செய்து டிஎம்எஸ்ஓ என்னும் கரைப்பானாக விற்றார்கள். வளையத்தை விட்டுவிட்டு, அதன் ஓரத்தில் தொங்கிய தொகுதியை மட்டும் பறித்துக்கொண்ட தொழில் அது.

புகையில் இருந்த மருந்தும் மெத்தனாலும்

மரத்தைச் சுட்டு வேதிப்பொருள் எடுப்பது புதிதல்ல. 1832இல் மொராவியாவில் கார்ல் ரைகன்பாக் பீச் மரத் தாரிலிருந்து கிரியோசோட்டைப் பிரித்தெடுத்தார். அதன் முக்கியப் பங்கு குவையகாலும் அதன் உறவுகளும்தான். பிற்காலத்தில் அது இருமலுக்கும் காசநோய்க்கும் மருந்தாகக் கொடுக்கப்பட்டது. இன்று சளியை இளக்கக் கொடுக்கும் இருமல் சிரப்புகளில் குவைஃபெனசின் என்று அச்சிட்டிருப்பார்கள். அது குவையகாலிலிருந்து செய்யப்படுவதே. ஆனால் அந்தக் குவையகால் இப்போது பெரும்பாலும் பெட்ரோலியத் தொழிற்சாலையிலிருந்து வருகிறது.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு பத்ராவதி. மைசூர் சமஸ்தானத்தின் இரும்பு ஆலை 1923இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியபோது, நிலக்கரிக்குப் பதில் மலைநாட்டுக் காட்டு மரத்தின் கரியைத்தான் உலைக்குப் போட்டது. அந்தக் கரியைத் தயாரிக்கும்போது கிளம்பும் ஆவியை வீணாக்காமல் மெத்தனால், அசிட்டேட், தார் ஆகியவற்றைப் பிரிக்க மர வடிப்பு ஆலையும் இருந்தது. மரத்திலிருந்து வரும் மெத்தனாலின் முக்கிய ஊற்று லிக்னினின் மீத்தாக்சி தொகுதிகளே. அதே 1923இல்தான் ஜெர்மனியின் லொய்னாவில் பாஸ்ஃப் நிறுவனம் நிலக்கரி வாயுவிலிருந்து மெத்தனாலைத் தொழில் அளவில் செய்யத் தொடங்கியது. உலகின் மர வடிப்பு ஆலைகளை மெல்ல மெல்ல மூடவைத்தது அந்தப் போட்டி. சுத்தமான ஒரே ஒரு பொருளுக்காக லிக்னினை நம்பும் தொழில், அதே பொருளை நேராகச் செய்யும் வழி வந்ததும் நிற்க முடியாமல் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வெனிலின் மட்டும் ஒரு விதிவிலக்கு. நார்வேயின் சார்ப்ஸ்போர்கில் உள்ள பொர்ரெகார்ட் நிறுவனம் ஸ்புரூஸ் மர லிக்னினிலிருந்து இன்றும் வெனிலின் செய்கிறது. ஆனால் அது பைரோலிசிஸ் அல்ல, காரக் கரைசலில் நடக்கும் ஆக்சிஜனேற்றம். அப்புறம், அந்த ஆலை வெனிலினை மட்டும் நம்பி இல்லை. கான்கிரீட்டுக்குச் சேர்க்கும் லிக்னோசல்ஃபோனேட், சிறப்பு செல்லுலோஸ், எத்தனால் என்று மரத்தின் எல்லாப் பங்குகளையும் விற்கிறது.

பைரோலிசிஸ் எண்ணெயைச் சீராக்கும் முயற்சிகளும் நடந்தன. எச்-இசட்எஸ்எம்-5 என்ற ஜியோலைட் வினையூக்கியின், அதாவது நுண்துளைகள் நிறைந்த கனிமத்தின், மேல் ஆவியைச் செலுத்தினால் பென்சீன், டொலுவீன், சைலீன் கிடைக்கும். பெட்ரோலிய ஆலைகள் அப்படியே வாங்கிக்கொள்ளக்கூடிய பொருள்கள் இவை. ஆனால் அதன் துளைகள் ஒரு நானோமீட்டரில் பாதி அகலம்தான். லிக்னினின் பெரிய துண்டுகள் வாயிலிலேயே நின்று கரியாகி வழியை அடைத்துவிடுகின்றன. ஆக்சிஜனை நீக்க ஹைட்ரஜன் கொடுக்கலாம். ஹைட்ரஜனுக்கு விலை கொடுக்க வேண்டும். பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகக் குழு வேறு திசையில் போயிற்று. லிக்னின் மரத்திலிருந்து பிரியும் அந்தக் கணத்திலேயே கரைப்பானிலும் ஹைட்ரஜனிலும் வினையூக்கியை வைத்துப் பிடித்து, மறுபடி பிணையவிடாமல் தடுத்தார்கள். 2020இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில் பிர்ச் மர லிக்னினின் எடையில் 20 சதவீதம் பீனாலாகவும் 9 சதவீதம் புரோப்பிலீனாகவும் மாறின. ஒற்றை வேதிப்பொருள்தான் வேண்டும் என்றால் வருங்காலம் அந்தப் பக்கம் என்றே நான் நினைக்கிறேன். பைரோலிசிசின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது.

பிரிக்காமல் பயன்படுத்துவது

பிளைவுட் பசை பீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த ரெசின். பசைக்குச் சுத்தமான பீனால் கட்டாயம் இல்லை. பீனால் போல வினைபுரியும் கலவை போதும். மர எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் கெட்டியான பழுப்பு நிறப் பங்கு ஒன்று அடியில் பிரிந்து நிற்கும். அது பெரும்பாலும் லிக்னின் துண்டுகள். அந்தப் பங்கைப் பசையில் பீனாலுக்குப் பதிலாகப் பகுதியளவு சேர்க்கும் வழிமுறைகளை அமெரிக்காவின் கொலராடோ ஆய்வகம் 1980களின் இறுதியிலேயே உருவாக்கியது. முழுதாக மாற்ற முடியாததற்குக் காரணம், ஃபார்மால்டிஹைடு வந்து ஒட்ட வேண்டிய இடத்தில் பல வளையங்களில் மீத்தாக்சி உட்கார்ந்திருப்பதுதான். ஃபின்லாந்தின் யுபிஎம் நிறுவனம் 2017இல் அறிமுகப்படுத்திய பிளைவுட் பசையில் பீனாலில் பாதியை லிக்னின் ஈடுசெய்கிறது. அது சூடாக்கிச் சிதைக்காத லிக்னின். ஆனாலும் பாடம் ஒன்றுதான்: பிரிப்புச் செலவு இல்லாத இடத்தில் லிக்னின் நிற்கிறது.

உணவிலும் இப்படி ஒரு தொழில் இருக்கிறது. மரப்புகையை நீரில் பிடித்து, தாரை நீக்கி, இறைச்சிக்கும் மீனுக்கும் சுவையேற்றும் திரவப் புகை அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக விற்பனையாகிறது. புகையூட்டிய மீனின் வாசனையில் சிரிங்காலுக்கும், சுவையில் குவையகாலுக்கும் பெரும்பங்கு உண்டு. இரண்டுமே லிக்னின் துண்டுகள். வேகப் பைரோலிசிஸ் முதலில் வணிகமாக நிலைபெற்ற இடங்களில் ஒன்று எரிபொருள் ஆலை அல்ல, இந்த உணவுச்சுவைத் தொழில் என்பது பலருக்குத் தெரியாது.

கரியையே விரும்பினால்

சரி, பாதி லிக்னின் கரியாகத்தான் போவேன் என்கிறது. கரிக்கே மதிப்பு இருந்தால்?

1951இல் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், டிஎன்ஏ ஆய்வுக்குப் போவதற்கு முன்பு கரியைப் பற்றிச் செய்த ஆய்வில், கார்பன்களை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். சில கார்பன்கள் மிக அதிக வெப்பத்தில் ஒழுங்காக அடுக்கப்பட்ட கிராஃபைட்டாக மாறும். சில எவ்வளவு சூடாக்கினாலும் மாறாது. குறுக்குப் பிணைப்புகள் தொடக்கத்திலேயே அதிகமாக இருக்கும் பொருளிலிருந்து வந்தவை இந்த இரண்டாம் வகை. லிக்னின் கரியும் இதில் சேரும். இன்று இதை ஹார்ட் கார்பன் என்கிறார்கள். லித்தியம் மின்கலத்துக்குக் கிராஃபைட் பொருந்தும். ஆனால் சோடியம் அயனி அதன் அடுக்குகளுக்குள் ஒழுங்காக நுழையாது. ஒழுங்கில்லாத ஹார்ட் கார்பனின் இடுக்குகளில் நுழையும். கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன்சும் டானும் 2000இல் குளுக்கோசைக் கரியாக்கி இதைக் காட்டினார்கள். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 300 மில்லி ஆம்பியர்-மணி சேமிக்க முடிந்தது. எண்ணெய் எடுக்க நினைத்தவர்களுக்கு எது குறையாக இருந்ததோ, அந்தக் குறுக்குப் பிணைப்பே இங்கே தேவையாகிறது.

ஸ்டோரா என்சோ நிறுவனம் ஃபின்லாந்தின் சுனிலா ஆலையில் 2015 முதல் ஆண்டுக்கு 50,000 டன் திறனோடு லிக்னினைப் பிரித்துவந்தது. 2021இல் அதே இடத்தில் லிக்னினை ஹார்ட் கார்பனாக்கும் முன்னோடி ஆலையையும் தொடங்கியது. 2022இல் சுவீடனின் நார்த்வோல்ட் மின்கல நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. அதன் பிறகு நடந்தது வருத்தத்துக்குரியது. 2023இல் சுனிலாவில் கூழ் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2025 மார்ச்சில் நார்த்வோல்ட் சுவீடனில் திவால் மனு கொடுத்தது. இதை லிக்னின் கரியின் தோல்வியாக எடுத்துக்கொள்வது தவறு. லிக்னின் எப்போதும் இன்னொரு தொழிலின் துணைப்பொருள். கூழ் ஆலை மூடினால் அதுவும் போகும், மின்கல ஆலை மூடினால் வாங்க ஆளில்லை. இரண்டு பக்கமும் மற்றவர்கள் கையில் இருக்கும் பொருளுக்கு முதலீடு திரட்டுவது எவ்வளவு கடினம் என்பதைத்தான் இது காட்டுகிறது.

கார்பன் இழை கதை இன்னும் பழையது. ஜப்பானில் நிப்பான் கயாகு நிறுவனம் 1960களிலேயே லிக்னின் கார்பன் இழையைச் சந்தைக்குக் கொண்டுவந்து, பிறகு நிறுத்தியது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் காரின் எடையைக் குறைக்க மலிவான இழை வேண்டும் என்று நீண்டகாலம் இதில் உழைத்தது. லிக்னினை உருக்கி இழையாக இழுக்கலாம். ஆனால் கரியாக்கும்போது இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மிக மெதுவாகச் சூடேற்ற வேண்டும். இழுத்த இழையின் வலிமையும் அக்ரிலிக் மூலப்பொருளிலிருந்து வரும் இழையை எட்டவில்லை. விமான இறக்கைக்கு இதை எதிர்பார்ப்பதைவிட, வெப்பக்காப்பு, வடிகட்டி போன்ற வலிமை தேவைப்படாத இடங்களைத் தேடுவதே நல்லது.

கொதிகலன் ஏன் விட்டுக்கொடுப்பதில்லை

லிக்னின் வீணாகிறது என்று எழுதுபவர்கள் பலர். அது சரியல்ல. ஆலைக்குள் அதற்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று எரிபொருள்: ஒரு கிலோ லிக்னினில் ஏறத்தாழ 26 மெகாஜூல், செல்லுலோசைவிட நன்றாகவே கூடுதல். இன்னொன்று, அது எரியும் அதே மீட்புக் கொதிகலனின் அடியில்தான் சோடியமும் கந்தகமும் உருகி மீண்டும் கிடைக்கின்றன. அவற்றைச் சுண்ணாம்பால் காஸ்டிக்காக மாற்றி மறுபடி மரம் வேகவைக்கிறார்கள். 1930களில் இந்தக் கொதிகலன் வந்த பிறகுதான் கிராஃப்ட் முறை மற்ற எல்லா முறைகளையும் முந்தியது. ஆகவே லிக்னினை எடுத்தால் அந்தச் சூட்டுக்கு வேறு எரிபொருள் வாங்க வேண்டும். அதன் அடிவிலை அந்த எரிபொருளின் விலைதான்.

ஒரே ஒரு சூழலில் ஆலை தானாக முன்வந்து லிக்னினை விடும். கூழ் உற்பத்தியைப் பெருக்க நினைத்து, கொதிகலன் தாங்காத நிலை வந்தால். அப்போது பிளாக் லிக்கரில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்திக் காரத்தன்மையைக் குறைத்து, லிக்னினில் ஒரு பங்கைத் திரியவைத்து வடிகட்டி எடுக்கலாம். புதுக் கொதிகலன் வாங்குவதைவிட அது மலிவு. லிக்னோபூஸ்ட் என்ற இந்த முறை 2013இல் அமெரிக்காவின் வட கரோலைனாவில் முதல்முறையாக வணிக அளவில் நிறுவப்பட்டது.

கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள டிஎன்பிஎல் ஆலை கரும்புச்சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டது. அங்கும் பிளாக் லிக்கர் கொதிகலனுக்குத்தான் போகிறது. புல் வகை என்பதால் சிலிகாவும் சேர்ந்து வரும். இரண்டாம் தலைமுறை எத்தனால் ஆலைகளிலும் இதே நிலை. 2022இல் திறக்கப்பட்ட பானிபட் ஆலை ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுப்பதற்காகக் கட்டப்பட்டது. இத்தகைய ஆலைகளில் நொதித்த பிறகு மிஞ்சும் லிக்னினில் சாம்பலும் சிலிகாவும் மிகுதி. சாம்பலில் உள்ள பொட்டாசியம் போன்ற உலோகங்கள் பைரோலிசிசின்போது எண்ணெயைக் குறைத்துக் கரியையும் வாயுவையும் கூட்டும். மரத்துக்குச் சொன்ன கணக்கை வைக்கோலுக்கு அப்படியே எழுதிக்கொள்ள முடியாது.

தென்னை தரும் வேறுபாடு

லிக்னின் நிறைந்த பொருளைச் சுடும் தொழில் தமிழர்களுக்கு நன்கு பழகியதே. ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள். காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரத்தில் தேங்காய்த் தொட்டியைச் சுட்டுக் கரியாக்கி, அதை நீராவியில் 900 டிகிரி அளவில் சூடாக்கிச் செறிவூட்டிய கரியாக (ஆக்டிவேட்டட் கார்பன்) ஏற்றுமதி செய்கிறார்கள். தொட்டிக் கரி உலகெங்கும் குடிநீரைச் சுத்திகரிக்கவும், சயனைடு கரைசலிலிருந்து தங்கத்தைப் பிடிக்கவும் பயன்படுகிறது. தொட்டியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிக்னின். கரி கெட்டியாகவும் நுண்துளைகளோடும் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் நாலு டன் தொட்டி சுட்டால் ஒரு டன்னுக்குச் சற்று மேலே கரி கிடைக்கும். மீதி புகை. திறந்த குழிகளில் அந்தப் புகை அப்படியே காற்றில் போகிறது. கரியை அணைக்க ஊற்றும் தண்ணீர் தாரோடு மண்ணில் இறங்குகிறது. கிணற்று நீர் கெட்டுப்போகிறது என்று அந்த ஊர் மக்கள் தொடர்ந்து குரல் கொடுக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் வேதியியல் நியாயம் முழுக்க இருக்கிறது. அந்த நீரில் கலப்பது பீனால் குடும்பம். மிகச் சிறிய அளவிலேயே குடிநீரின் சுவையைக் கெடுக்கும், மீன்களைக் கொல்லும்.

இங்கேதான் பனைக் குடும்பத்துக்கே உரிய ஒரு தன்மை கைகொடுக்கிறது. தென்னை, எண்ணெய்ப்பனை போன்றவற்றின் லிக்னினில் பாரா-ஹைட்ராக்சி பென்சோயேட் என்ற தொகுதிகள் ஒட்டியிருக்கின்றன. சூடாக்கினால் அவை கார்பன் டை ஆக்சைடை இழந்து நேராகப் பீனாலாகவே மாறுகின்றன. மீத்தாக்சியோ பக்கச் சங்கிலியோ இல்லாத, தொழிற்சாலைகள் பெட்ரோலியத்திலிருந்து செய்யும் அதே பீனால். ஆகவே தொட்டியின் எண்ணெயில் பீனாலின் பங்கு மற்ற மரங்களின் எண்ணெயைவிட அதிகம். பைன் மரத்தில் பல ஆண்டுகள் ஆய்வாளர்கள் தேடிய ஒற்றைப் பொருளை, தென்னை வினையூக்கி ஏதுமில்லாமல் ஓரளவு தானே தருகிறது. பசை ரெசினுக்கு இதைவிடப் பொருத்தமான மர எண்ணெய் கிடைப்பது அரிது.

புகையைப் பிடிப்பது செய்யமுடியாத வேலையும் அல்ல. இலங்கையில் ஹேகார்ப் குழுமம் பதல்கமவில் மூடிய முறையில் சிரட்டைக் கரி தயாரித்து, கிளம்பும் வாயுவின் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கிறது. இந்தோனேசியாவில் சிரட்டைப் புகையைக் குளிரவைத்த திரவத்தை மீன் பதப்படுத்தவும், ரப்பர் பாலை உறையவைக்கவும் பயன்படுத்துகிறார்கள். ரப்பர் தோட்டங்களில் ஃபார்மிக் அமிலத்துக்குப் பதில் ஊற்றப்படும் அந்தத் திரவத்தில் உறையவைப்பது அசிட்டிக் அமிலம், பூஞ்சை வராமல் காப்பது பீனால்கள். எதையும் பிரிக்காமல் முழுக் கலவைக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

காங்கேயத்தில் இதற்குத் தேவைப்படுவது புது வேதியியல் இல்லை. குழிகளுக்குப் பதில் பல சுடுவோர் சேர்ந்து பயன்படுத்தும் மூடிய உலை, ஆவியைக் குளிர்விக்கும் அமைப்பு, எண்ணெயை நீரிலிருந்து பிரித்துத் தரம் பார்க்கும் ஓர் ஆய்வகம், அதை வாங்கிக்கொள்ளப் பக்கத்திலேயே ஒரு பிளைவுட் பசை ஆலை. இதில் கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் உறுதிசெய்ய வேண்டும். வாங்குபவர் இல்லாமல் தேங்கும் தார், குழியில் ஊறும் தாரைவிட எந்த வகையிலும் மேலானதல்ல. வாங்குபவர் கிடைக்கும்வரை ஆவியை உலைக்கே திருப்பி எரித்துவிடலாம். 800 டிகிரிக்கு மேல் காற்றோடு நன்றாக எரிந்தால் பீனால் நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் போய்விடும், கிணற்றுக்குள் இறங்காது. செறிவூட்டும் உலைக்குத் தேவையான நீராவியை அந்தச் சூடே கொடுத்துவிடும்.